சிவப்பு மருந்தும் மஞ்சள் கேப்சூலும்

முதல் கீமோ முடிந்து கோயம்புத்தூரிலிருந்து ஈரோடு வந்து சேரும்போது ராத்திரி எட்டு மணி. செருப்பைக் கழற்றியதும் அம்மா நேராக பாத்ரூமுக்குப் போனார். இரண்டு நிமிஷத்தில் உள்ளிருந்து கூப்பிட்டார்.

"சாமி, இங்க வந்து பாரு. ரத்தமாட்டப் போகுது."

பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் லேபில் பதினேழு வருஷமாக ஷேடு பார்க்கிறேன். அது ரத்தச் சிவப்பு இல்லை, ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பு என்று பார்த்ததுமே கண் சொல்லிவிட்டது. ஆனாலும் போனை எடுத்த கை நடுங்கியது. வார்டில் எடுத்த நர்ஸ் நிதானமாகச் சொன்னார்: "அந்த சிவப்பு மருந்து போட்டாங்கல்லங்க, அதோட கலருங்க. ஒண்ணு ரெண்டு நாள் அப்படித்தான் போகும். காய்ச்சல் வந்தா மட்டும் எந்நேரம்னாலும் உடனே கூப்பிடுங்க." நான் பில் கட்டும் வரிசையில் நின்றிருந்தபோது அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள். வாந்தி மாத்திரை தந்த அசதியில் அம்மா மறந்துவிட்டார்.

அதற்கு முந்தின வாரம் முழுக்க அம்மா தினம் ஒரு டம்ளர் பீட்ரூட் சாறு குடித்திருந்தார். ரத்தம் ஊறும் என்று பெரியம்மா சொன்னது. பீட்ரூட்டின் நிறமி சிலருக்கு உடம்பில் சிதையாமல் அப்படியே சிறுநீரில் இறங்கும். அம்மா அந்தச் சிலரில் ஒருவர். ஆக அந்த ராத்திரி நாங்கள் பார்த்தது மருந்தின் சிவப்பா, பீட்ரூட்டின் சிவப்பா, இரண்டும் கலந்ததா என்று பிரித்துச் சொல்ல எனக்கே முடியவில்லை.

அன்றிலிருந்து எட்டு மாதம் எங்கள் வீட்டில் நிறங்களைப் பற்றித்தான் பேச்சு. மஞ்சளின் குர்குமின், தக்காளியின் லைகோபீன், கேரட்டின் கரோட்டீன், கருப்பு கவுனி அரிசியின் ஆந்தோசயனின். இவை கீமோவின் பக்கவிளைவைத் தணிக்குமா, தணிக்கும் என்றால் எப்படிக் கொடுப்பது? சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், வாட்ஸ்அப் என்று ஆளுக்கொரு பதில் வந்தது. அடுத்த வாரம் வீட்டில் ஒருவருக்கு முதல் டோஸ் என்று தூக்கமில்லாமல் இருக்கும் யாருக்காவது உதவட்டும் என்று, எங்களுக்கு நடந்ததையும் நான் படித்ததையும் எழுதி வைக்கிறேன்.

அம்மாவுக்கு வயது 61. மார்பகப் புற்று, இரண்டாம் நிலை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு 21 நாளுக்கு ஒரு முறை வீதம் நான்கு டோஸ் 'ஏசி'. ஏ என்றால் ஏட்ரியாமைசின், அதாவது டாக்ஸோரூபிசின். சி என்றால் சைக்ளோபாஸ்பமைடு. அது முடிந்து வாரம் ஒன்றாக 12 பேக்லிடாக்ஸெல். பிறகு கதிர்வீச்சு.

டாக்ஸோரூபிசினை நர்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரிஞ்சில் மெதுவாக ஏற்றினார். ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும் மருந்து அது. நான் அந்தச் சிரிஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். லேபில் தினமும் பீக்கரில் பார்க்கிற நிறம். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் காரணம் புரிந்தது. இது இத்தாலிய மண்ணிலிருந்து வந்த மருந்து. காஸ்டெல் டெல் மோன்டே என்ற 13-ஆம் நூற்றாண்டுக் கோட்டைக்குப் பக்கத்தில் எடுத்த மண்ணில் சிவப்பு நிறமி சுரக்கும் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. மிலானில் இருந்த ஃபார்மிட்டாலியா ஆய்வகம் 1960-களில் அதிலிருந்து முதலில் டானோரூபிசினையும், பிறகு அந்த நுண்ணுயிரின் மாறிய வகையிலிருந்து டாக்ஸோரூபிசினையும் பிரித்தெடுத்தது. 'ரூபி' என்று பெயரில் இருப்பது அந்தச் சிவப்புக்காகத்தான். பக்கத்தில் இருக்கும் ஏட்ரியாட்டிக் கடலை வைத்து ஏட்ரியாமைசின்.

அதன் நடுக்கூடு குவினோன் வகை. சாயக்காரனுக்கு நன்றாகத் தெரிந்த குடும்பம். நாங்கள் போடும் ரியாக்டிவ் புளூ 19 ஒரு ஆந்த்ராகுவினோன் சாயம். அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேர், இம்பூறல் என்பார்களே, அதில் இருக்கும் அலிசரினும் ஆந்த்ராகுவினோன்தான். என் தொழிலின் மூதாதை ஒருவர் மருந்தாகி அம்மாவின் உடம்புக்குள் போகிறார் என்று அன்றைக்குத் தோன்றியது.

அந்தக் குவினோன் வளையம் நிறத்தோடு நிற்பதில்லை. உடம்புக்குள் எலெக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனிடம் கொடுத்து, திரும்ப வாங்கி, திரும்பக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் முரட்டு ஆக்சிஜன் துகள்கள் பிறக்கின்றன. ஃப்ரீ ராடிகல் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். இதயத்துக்கு இந்த மருந்து செய்யும் சேதத்தில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. மருந்துக்குச் சிவப்பைத் தருகிற அதே இடம்தான் இதயத்தையும் சுடுகிறது. அதனால்தான் கீமோவுக்கு முன்னாலேயே அம்மாவுக்கு எக்கோ எடுத்தார்கள். வாழ்நாள் முழுக்கச் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து வேகமாக ஏறும் என்பதால் கணக்கு வைத்துப் போடுகிறார்கள். அம்மாவுக்கு நான்கு டோஸ், அறுபது அறுபதாக, மொத்தம் 240.

இந்த ஆக்சிஜனேற்றம் எனக்குப் புத்தக விஷயம் கிடையாது. பட்டறையில் பருத்தித் துணியை ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்துவிட்டுத்தான் சாயத்துக்குப் போவோம். வெளுத்த துணியில் பெராக்சைடு மிச்சம் நின்றால் சாயத்தைத் தின்றுவிடும், ஷேடு திட்டுத்திட்டாக வரும். அதனால் நடுவில் 'பெராக்சைடு கில்லர்' போடுவோம். அது கேட்டலேஸ் என்ற நொதி. நம் செல்களுக்குள்ளும் இதே கேட்டலேஸ் இதே வேலையைச் செய்கிறது. மற்ற உறுப்புகளைவிட இதயத் தசையில் அது குறைவாக இருப்பதும் அங்கே சேதம் அதிகமாவதற்கு ஒரு காரணம் என்று படித்தேன்.

செடிகளின் நிறமி இந்த இடத்தில்தான் கதைக்குள் வருகிறது. ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் இரட்டைப் பிணைப்புகள்தான் லைகோபீனுக்குச் சிவப்பையும் குர்குமினுக்கு மஞ்சளையும் தருகின்றன. முரட்டுத் துகளுக்கு எலெக்ட்ரானை விட்டுக்கொடுத்து அதை அடக்கும் குணமும் பெரும்பாலும் அதே அமைப்பிலிருந்து வருகிறது. சாயம் வெளுக்கிறதே, அதேதான். நிறமி தான் அடிபட்டு மற்றதைக் காப்பாற்றுகிறது. குர்குமின், லைகோபீன், ஆந்தோசயனின் எல்லாவற்றையும் எலிகளுக்குக் கொடுத்து, டாக்ஸோரூபிசின் செய்யும் இதயச் சேதம் குறைந்ததாக எத்தனையோ கட்டுரைகள் வந்திருக்கின்றன. படிக்கப் படிக்க எனக்கு நம்பிக்கை ஏறிக்கொண்டே போனது. அம்மா வாய் முழுக்கப் புண்ணோடு தண்ணீரைக்கூட முழுங்க முடியாமல் உட்கார்ந்திருக்கும்போது, எந்த மகனுக்கும் ஏறத்தான் செய்யும்.

இரண்டாவது டோஸுக்குப் பிறகு பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, ஒரு டப்பாவோடு வந்தார். குர்குமின் கேப்சூல். 500 மில்லிகிராம், 95 சதவீதம் சுத்தம், மிளகின் சத்து சேர்த்தது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. "இயற்கைதானே தம்பி, கெடுதி ஒண்ணும் வராது." சித்தியின் மேல் இருந்த பிரியத்தில் தன் கைக்காசைப் போட்டு வாங்கி வந்திருந்தார். அன்று ராத்திரியே அம்மா ஆரம்பித்துவிட்டார். டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மஞ்சளுக்கு ஏன் கேட்க வேண்டும்? அப்பா கொடுமுடிப் பக்கம் முப்பது வருஷம் மஞ்சள் போட்டவர். மஞ்சள் வேகும் வாசத்தில் வளர்ந்த வீடு எங்களுடையது.

மூன்றாவது டோஸுக்கு முந்தின நாள் ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி, அதாவது கல்லீரல் அடிபட்டால் ஏறுகிற எண், 168. முந்தின முறை 31. டாக்டரம்மா ரிப்போர்ட்டை இரண்டு தரம் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்: "வேற ஏதாச்சும் சாப்பிடறீங்களாம்மா? நாட்டு மருந்து, சத்து மாத்திரை, பொடி எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "இது கேப்சூலாலயா, நாங்க குடுத்த மருந்தாலயான்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ரெண்டாலயும் வரும். கேப்சூலை இன்னைக்கே நிறுத்திடுங்க. அடுத்த வாரம் டெஸ்ட் பார்த்துட்டு டோஸ் போடலாம்." ஒன்பது நாள் தள்ளிப்போனது. எஸ்ஜிபிடி 52-க்கு இறங்கிய பிறகு மூன்றாவது டோஸ் ஏறியது. அந்த ஒன்பது நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. தேதி தவறாமல் போக வேண்டிய சிகிச்சை என் கவனக்குறைவால் தள்ளிப்போய்விட்டதோ என்ற நினைப்பு இன்றைக்கும் வரும்.

அப்பாவுக்குத்தான் மனது ஆறவில்லை. "பொறந்ததுலருந்து தின்னுட்டிருக்கற மஞ்சதானே. அது எப்புடிக் கெடுதி பண்ணும்?" நியாயமான கேள்வி. லேப் நோட்டில் ரெசிபி போடுகிற மாதிரி ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஈரோட்டு மஞ்சளில் குர்குமின் மூன்று சதவீதம் வாக்கில். நம் வீட்டுக் குழம்பில் ஒருவர் பங்குக்கு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கிராம் தூள் போனால் அதிகம். அதில் 30 முதல் 60 மில்லிகிராம் குர்குமின். இரண்டு கேப்சூலில் 950. அதாவது தினமும் முப்பது கிராமுக்கு மேல் மஞ்சள் தூளை அள்ளித் தின்றதற்குச் சமம். அப்பா தாளைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

மிளகு விஷயம் அதைவிட முக்கியம். குர்குமின் தானாக ரத்தத்தில் ஏறாது. சாயமாகவே அது நிலையில்லாதது. வெயில் பட்டால் வெளுக்கும், சோப்பு பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவப்பாகிறதே, அந்தக் குணம்தான். காரமோ அமிலமோ இல்லாத நடுநிலைக் கரைசலில்கூட அரை மணி நேரத்தில் பெரும்பகுதி சிதைந்துவிடும். உள்ளே போன கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். 1998-இல் பெங்களூரில் செய்த ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது மனிதர்களுக்கு ரத்தத்தில் சேரும் அளவு 2000 சதவீதம் கூடியது. எல்லா டப்பாவிலும் போட்டிருக்கும் பெருமை அதுதான். ஆனால் பைப்பரின் இதைச் சாதிப்பது எப்படி? கல்லீரலின் கழிவு வேலையை நிறுத்திப் பிடித்துத்தான். கதவை மஞ்சளுக்கு மட்டும் சாத்த அதற்குத் தெரியாது. அம்மாவின் சைக்ளோபாஸ்பமைடு கல்லீரலில்தான் செயல்படும் வடிவத்துக்கு மாற வேண்டும். டாக்ஸோரூபிசின் பெரும்பாலும் பித்தம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்தக் கதவில் நாங்கள் காலையும் மாலையும் ஆணி அடித்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகுதான் எலிக் கட்டுரைகளை விட்டுவிட்டு மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தேடினேன். என்னை உட்கார வைத்தவை சில.

2002-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் மார்பகப் புற்று செல்களிலும் எலிகளிலும் பார்த்தார்கள். இது மனித ஆய்வு இல்லைதான், ஆனால் மருந்து அம்மாவுடையது. உணவில் குர்குமின் கலந்து கொடுத்த எலிகளில், சைக்ளோபாஸ்பமைடு கட்டியைச் சுருக்கும் வேலை தடைப்பட்டது.

2005-இல் வெளியான கனடாவின் கியூபெக் ஆய்வில், தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்த 540 பேரில் ஒரு பாதிக்கு வைட்டமின் ஈயும் பீட்டா கரோட்டீனும் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களுக்குப் பக்கவிளைவு குறைந்தது. நாம் ஆசைப்பட்டது நடந்தது. ஆனால் மாத்திரை எடுத்த குழுவில் கட்டி அதே இடத்தில் திரும்பி வருவது கூடுதலாகத் தெரிந்தது. இதைப் படித்த ராத்திரி லேப்டாப்பை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

2020-இல் வெளியானது இன்னும் நெருக்கம். மார்பகப் புற்றுக்கு அம்மா எடுத்த அதே மூன்று மருந்துகளை எடுத்த 1,134 பெண்களின் விவரம். கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் ஏ, சி, ஈ, கரோட்டினாய்டு, கோஎன்சைம் க்யூ10 மாதிரி ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு 41 சதவீதம் அதிகமாகத் தெரிந்தது. எடுத்தவர்கள் எண்ணிக்கை குறைவு என்பதால் இதை முடிந்த முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் என் அம்மாவை வைத்துப் பரீட்சை பார்க்க எனக்கு இது போதுமான எச்சரிக்கை.

பெராக்சைடு கில்லர் எனக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது அப்போதுதான். வெளுத்து முடித்த பிறகு அதைப் போட்டால் துணி பிழைக்கும். வெளுக்கும் தொட்டியிலேயே ஊற்றினால் துணி வெளுக்கவே வெளுக்காது, ஒரு லாட்டு முழுக்க வீண். கீமோ மருந்துகளும் கதிர்வீச்சும் புற்று செல்லைக் கொல்வதில் ஒரு பங்கு இந்த ஆக்சிஜனேற்றத்தால் நடக்கிறது. முழுப் பங்கும் இல்லை, டாக்ஸோரூபிசின் முக்கியமாக டிஎன்ஏவின் முறுக்கை அவிழ்க்கும் நொதியைத்தான் முடக்குகிறது. இருந்தாலும் இதயத்துக்குப் பாதுகாப்பு என்று நாம் கொட்டுவது இதயத்தில் மட்டும் போய் நிற்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? டாக்டரம்மாவிடம் இந்தத் தொட்டிக் கதையைச் சொன்னேன். "அப்படியே புரிஞ்சுக்கலாங்க" என்றார். இதயத்துக்கென்றே டெக்ஸ்ராசாக்சேன் என்று ஒரு மருந்து இருப்பதையும், டாக்ஸோரூபிசின் அளவு அதிகமாகப் போகிறவர்களுக்குத் தேவைப்பட்டால் அதைக் கொடுப்பதையும், அம்மாவின் 240-க்கு அது வேண்டியதில்லை என்பதையும் அன்றைக்குத்தான் விளக்கினார்.

சாப்பாட்டில் இருக்கும் நிறத்தை அவர் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. "தட்டுல எத்தனை கலர் வேணும்னாலும் வைங்க. டப்பாவுல வர்ற கலர் வேண்டாம். பச்சையா எதுவும் வேண்டாம், வேகவெச்சதாக் குடுங்க." வெள்ளையணு இறங்கும் நாட்களில் கழுவாத காயின் கிருமியே போதும், 100.4 காய்ச்சலோடு ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். கடையில் பிழியும் பச்சை பீட்ரூட் சாறு அன்றோடு நின்றது. பீட்ரூட் பொரியலாக மாறியது.

பிறகு என் மனைவி சமையலறையில் செய்ததுதான் எங்களை அந்த மாதங்களைத் தாண்ட வைத்தது. கருப்பு கவுனியை முதல் நாள் ராத்திரியே ஊற வைத்து, குக்கரில் குழைய விட்டு, ஊதா நிறக் கஞ்சி. அந்த ஊதா தவிட்டில் இருக்கும் ஆந்தோசயனின், தீட்டிய அரிசியில் இருக்காது. அப்பா காட்டிலிருந்து கொண்டுவரும் அரசாணிக்காய், எண்ணெயில் வதக்கி. கரோட்டீன் எண்ணெயில்தான் கரையும், கொழுப்பில்லாமல் வேகவைத்துக் கொடுத்தால் பாதி வீண். தக்காளியும் அப்படியே, வெந்து எண்ணெய் பிரிந்தால்தான் லைகோபீன் உடம்பில் நன்றாகச் சேரும். வாய்ப்புண் வந்த நாட்களில் மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் காரமில்லாமல் தண்ணிச்சாறு. நாக்கில் எதை வைத்தாலும் இரும்பு வாடை என்று தள்ளிவிட்ட அம்மா, அதை மட்டும் "இன்னொரு கரண்டி ஊத்து கண்ணு" என்று கேட்டு வாங்கினார். புண்ணை ஆற்றியது கீரையா, வார்டில் சொன்ன உப்பும் சோடா உப்பும் கலந்த கொப்பளிப்பா, நாள் கடந்ததா என்று பிரிக்க நான் முயலவில்லை. ஒரு நாளைக்கு நானூறு மில்லி கஞ்சி உள்ளே போனது என்பதே எனக்குப் போதும்.

பேக்லிடாக்ஸெல் காலத்தில் விரல் மரத்துப்போனதற்கு எந்த நிறமியையும் தேடவில்லை. ஐஸ் கையுறை போட்டு உட்கார வைத்தார்கள். கதிர்வீச்சு தொடங்கியபோது தோலுக்கு மஞ்சள் நல்லது என்று மறுபடி ஒரு பேச்சு எழுந்தது. அதற்குள் எனக்குத் தெளிவு வந்திருந்தது. அமெரிக்காவில் 30 பேரிடம் செய்த சின்ன ஆய்வில் குர்குமின் கேப்சூல் தோல் எரிச்சலைக் குறைத்ததாக 2013-இல் வந்தது. அதே குழு 686 பேரிடம் செய்து 2018-இல் வெளியிட்டபோது வித்தியாசம் தெரியவில்லை. அம்மா தோலில் எதையும் தடவவில்லை.

மிச்சமிருந்த கேப்சூல்களை ஒரு நாள் லேபுக்கு எடுத்துப்போனேன். நான்கைப் பிரித்துக் கொட்டி ஒரு பருத்தித் துண்டுக்குச் சாயமேற்றினேன். கண்ணைப் பறிக்கும் மஞ்சள். பாதியை அட்டையால் மூடி ஜன்னலில் ஒட்டினேன். ஒரு வாரத்தில் மூடாத பாதி வெளிறிவிட்டது. அந்தத் துண்டை அம்மாவின் ரிப்போர்ட் ஃபைலில் எஸ்ஜிபிடி 168 என்ற தாளுக்குப் பக்கத்தில் பின் அடித்து வைத்திருக்கிறேன்.

எல்லாம் முடிந்து போன மாதம் திரும்ப எக்கோ. ஆரம்பத்தில் 62 சதவீதம் இருந்த இதயத்தின் பம்பு அளவு இப்போது 59. நல்லாவே இருக்கிறது, வருஷம் ஒரு தரம் பார்த்தால் போதும் என்றார்கள். பஸ்ஸில் வரும்போது பெருமாநல்லூர் தாண்டியதும் அம்மா கேட்டார்: "அந்தக் கருப்பரிசிக் கஞ்சி குடிச்சதுனாலதானே சாமி நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகலை?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சந்தோஷப்பட்டிருப்பார். "டோஸ் அளவு கம்மிம்மா, 240தான். அளவுக்குள்ள இருந்ததுனால பெரும்பாலும் அதுதான். கஞ்சி உன்னைத் தெம்பா வெச்சுது" என்றேன். அம்மா தலையாட்டினார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறை மேடையில் கருப்பு கவுனி ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் அதற்குள் ஊதாவாகியிருந்தது.